எங்கள் வீதியின் ஆபீஸ்

மனு கொடுக்க வருகிறவர்களுக்கென்று ஒரு முகம் உண்டு. பாதி அழுகை, பாதி ஆத்திரம், வரிசை நகர நகர அந்த ஆத்திரமும் வடிந்து கடைசியில் வெறும் களைப்பு. வாரத்தில் ஒரு நாள் காலையிலிருந்து மதியம்வரை அந்த முகங்களைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். எங்கள் வீதி அக்காவுக்கு மட்டும் அந்த முகம் கிடையாது. மனு நாளில் அவர் வருவது பங்காளி வீட்டு விசேஷத்துக்கு வருவதுபோல இருக்கும். பீரோவில் மடித்து வைத்திருந்த புடவை, தலையில் ஒரு துண்டு கனகாம்பரம், கையில் கட்டைப் பை. முன்னால் நிற்கிறவரிடம் ஊர் விசாரிப்பார். பின்னால் நிற்கிறவர் மனுவில் கையெழுத்துப் போட மறந்திருந்தால் சொல்லுவார். வாசலில் பைகளைச் சோதிக்கிற பெண் போலீஸ், யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிடுவார்களோ என்று எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் மோந்து பார்ப்பார். மற்றவர்களுக்கு அதில் முகம் சுருங்கிப்போகும். அக்கா தானே மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, "வெயில்லயே நிக்கறீங்க, நீங்களும் ஒரு வாய் குடிங்க கண்ணு" என்பார்.

எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறது, அதில் என்னைப்போல ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மனுவை வாங்கிப் பதிவு செய்து, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அந்தப் பிரிவுக்குத் தள்ளிவிடுவது அவன் வேலை. அங்கிருந்து பதில் வந்தால் அதை ஏற்றி, 'முடிக்கப்பட்டது' என்று அழுத்துவதும் அவன் வேலைதான். அழுத்தியதும் மனு கொடுத்தவரின் போனுக்கு ஒரு மெசேஜ் போகும். அக்காவைப் பற்றி நான் எழுதுவதே அப்படி அழுத்திய ஒன்றால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவன்போல எழுதிக்கொண்டே போய் நடுவில் மாட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் வீதி சிங்காநல்லூர் தாண்டி, மூடிப்போன ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அக்கா அந்த மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு வீட்டில் பெரிய கிரைண்டர் ஒன்றைப் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்றார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வீதியில் முக்கால்வாசி வீடுகளில் காலை இட்லி அவர் மாவில்தான், பக்கத்து வீடான எங்கள் வீட்டிலும். சாயங்காலம் தூக்குப்போசியோடு போய் நின்றால் மாவை ஊற்றிக்கொண்டே வீதி நிலவரம் கேட்பார். விளக்கு எரிகிறதா, சாக்கடை போகிறதா, ரேஷனில் பருப்பு வந்ததா. குறை என்று ஏதாவது காதில் விழுந்தால் போதும்.

"அவங்ககிட்ட யாரும் மொறையாச் சொல்லியிருக்க மாட்டாங்கங்க."

அக்காவின் தத்துவம் மொத்தமும் இவ்வளவுதான். அதிகாரிகள் கெட்டவர்கள் இல்லை, சோம்பேறிகள்கூட இல்லை, அவர்களுக்கு விஷயம் தெரியவில்லை. தெரிந்தால் செய்துவிடுவார்கள். ஆகவே தெரியப்படுத்துவது நம் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினாலும், பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும் அவருக்கு அதே வாக்கியம்தான். ஓட்டுப் போடும் நாளில் இன்னும் கண்டிப்பு. மை வைத்த விரலைக் காட்டினால்தான் மாவு. எதிர்வீட்டு லேத் பட்டறைக்காரர் ஒருமுறை, "என்னங்கக்கா இது, எல்லாரும் ஓட்டுக்குக் குடுக்கறாங்க, நீங்க ஓட்டுப் போடாட்டிக் குடுக்க மாட்டேங்கறீங்க" என்று கிண்டல் செய்தார். செய்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போய் ஓட்டுப் போட்டுவிட்டும் வந்தார். அன்றைக்கு அவர் வீட்டில் இட்லிக்கு வேறு வழியில்லை.

மனுவை வீட்டிலேயே என்னிடம் கொடுத்துவிடலாமே என்று நான் சொல்லியிருக்கிறேன். "எதுக்குங்கக்கா அத்தன தூரம் பஸ்சு ஏறி வந்து வெயில்ல நிக்கறீங்க? எங்கிட்டக் குடுத்துப்போடுங்க, நானே பதிஞ்சுக்கறேன். எல்லாம் எம்பட மேசை வழியாத்தான் போகோணும்." கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"ஊட்டுல வெச்சுக் குடுத்தா அது மனு இல்லீங்க தம்பி, சிபாரிசு. அத்தன சனம் வரிசையில நிக்கறப்ப நா மட்டும் சந்துல பூந்து வர்றதா? நம்ம ஆபீசுக்கு நாம போறதுக்கு என்னங்க கஷ்டம்?"

நம்ம ஆபீஸ் என்றார். அங்கே சம்பளம் வாங்குகிற நாங்கள்கூட அப்படிச் சொல்லமாட்டோம்.

ஒருமுறை மில் சுவரோரம் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்தார். யார் செய்த புண்ணியமோ, அந்த வாரமே ஒருவர் ஏணி வைத்து ஏறி விளக்கை மாட்டிவிட்டுப் போனார். அடுத்த மனு நாளில் அக்கா மறுபடி வரிசையில் நிற்கிறார். இப்போது என்ன குறை என்று வாங்கிப் பார்த்தால், நன்றி மனு. விளக்கு நன்றாக எரிகிறது, ஏணியில் ஏறிய தம்பிக்கும் அவரை அனுப்பிய ஐயாவுக்கும் வீதியின் சார்பாக நன்றி என்று எழுதியிருந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் நிலத்துக்கு இடம் உண்டு, குடிநீருக்கு உண்டு, பென்ஷனுக்கு உண்டு, நன்றிக்கு இல்லை. 'இதர' என்பதில் போட்டு விளக்குப் பிரிவுக்கு அனுப்பினேன். மறுநாள் அங்கேயிருந்து இன்ஜினியர் பதறிக்கொண்டு போன் செய்தார். "அந்தம்மா பேருல மறுபடியும் ஒண்ணு வந்திருக்குதுங்களே சார், லைட்டு எரியுதுதானுங்க?" நன்றி சொல்லியிருக்கிறார் என்றேன். "அப்ப இதுக்கு என்னங்க சார் நடவடிக்கைன்னு எழுதறது?" என்றார். செக்‌ஷனே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். வழக்கமான வாக்கியத்தைப் போட்டு அதையும் முடித்து வைத்தேன். கோரிக்கை மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று வந்த அந்த மெசேஜைக்கூட அக்கா அழிக்காமல் வைத்திருந்து என்னிடம் காட்டினார்.

அவருடைய நம்பிக்கை வீதியில் யாருக்கும் ஒட்டவில்லை. வரவர அது மற்றவர்களுக்கு எரிச்சலாகவும் ஆகிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு ஒரு காயம் இருந்தது. லேத் பட்டறைக்காரருக்கு, பட்டறையிலிருந்து மோட்டார் திருடு போய், புகார் கொடுக்க நடையாய் நடந்து, கடைசியில் நீயே எடுத்து விற்றிருப்பாய் என்று சொல்லப்பட்ட காயம். அதிலிருந்து அவருக்கு ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பேங்க் எல்லாம் ஒன்றுதான். "பூராக் கூட்டுக் களவாணிக" என்பார். வீதியில் வீட்டுக்கு வீடு கேமரா மாட்டிக்கொண்டார்கள். யாராவது புது ஆள் வந்தால் வாட்ஸாப் குழுவில் படம் வரும். நம்பிக்கை போன இடத்தில் சந்தேகம் மட்டும் நன்றாக வேலை செய்தது. நான் அரசு ஊழியன் என்பதால் என்னை யாரும் நேராக எதுவும் சொல்வதில்லை, நான் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீர் தள்ளித் தள்ளிப் போனது. வந்தாலும் நூலாக வந்து நின்றுவிட்டது. காரணம் யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் கைக்குக் கிடைத்தவர்கள் வீதிக் கடைசி லைன் வீட்டில் குடியிருந்த வடநாட்டுப் பையன்கள். பவுண்டரியில் வேலை பார்க்கிறவர்கள். கறுத்துப்போய் வந்து, குளித்து, சமைத்து, போனில் ஊரோடு பேசிவிட்டுத் தூங்குகிறவர்கள்.

"அவனுக வந்ததுல இருந்துதானுங்க தண்ணியில்ல. ஒரு ஊட்டுக்குள்ள அத்தன பேரு குளிச்சா நமக்கு எப்படி வரும்? அந்தப் பைப்பை அறுத்துப்போட்டாச் சரியாப்போகும்" என்றார் லேத்காரர். கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தார். "பைப்பை அறுத்தா அந்தத் தண்ணி நம்ம ஊட்டுக்கு வந்துருமுங்களா? மேல வால்வுல ஏதோ பழுதாட்ட இருக்குதுங்க. பாவம், அந்தப் பசங்களுந்தான் குடத்தத் தூக்கீட்டு அலையறாங்க. மனு நாள் வரைக்கும் சித்தப் பொறுங்க, நாம் போயி மொறையாச் சொல்லீட்டு வாரேன்."

"இதுவரைக்கும் நீங்க குடுத்த மனுவ எடைக்குப் போட்டிருந்தா இன்னொரு கிரைண்டரே வாங்கியிருக்கலாமுங்கக்கா" என்றார் லேத்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் பொறுத்துக்கொண்டார்கள். பைப்பை யாரும் தொடவில்லை.

மனு வந்தது, பதிந்தேன், தண்ணீர்ப் பிரிவுக்கு அனுப்பினேன். நாட்கள் போயின. பதில் வரவில்லை என்றால் அந்த வரி எங்கள் திரையில் சிவப்பாகும். மேலே கூட்டம் நடக்கிற நாளில் சிவப்பு எதுவும் இருக்கக் கூடாது. அன்று கண்காணிப்பாளர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். நான் தண்ணீர்ப் பிரிவு இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "வால்வுதானுங்க சார் போயிருச்சு, சாமான் வரோணும், வந்ததும் மாத்திப்போடறோம். நீங்க முடிச்சு உட்ருங்க" என்றார். திரையில் தயார் வாக்கியங்கள் வரிசையாக இருக்கும், ஒன்றைத் தொட்டால் போதும். 'குடிநீர் விநியோகம் சீர் செய்யப்பட்டது' என்பதைத் தொட்டேன். மனுதாரர் பெயரைப் பார்க்கவில்லை என்று நான் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் பார்த்தேன். அக்காதானே, கோபித்துக்கொள்ள மாட்டார், தண்ணீர் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்பார் என்று நினைத்தேன். சண்டை போடுகிறவர்களின் மனுவாக இருந்திருந்தால் இரண்டு தடவை யோசித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பாத்தீங்களா தம்பி, முடிச்சுப்போட்டாங்க. நாஞ் சொல்லல?"

"சந்தோசமுங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். தெரியும். சொல்லவில்லை.

அவர் அந்தப் போனோடு வீடு வீடாகப் போவார் என்று நான் நினைக்கவில்லை. லேத்காரர் வீட்டில் அந்த வாரம் மகளுக்கு நிச்சயம். அந்தியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வாசலில் பந்தல் போட்டு, வீட்டிலேயே சமையல். தண்ணீருக்கு லாரி சொல்லி வைத்திருந்தார். நல்ல முகூர்த்த நாள், லாரிக்கு ஏகப்பட்ட போட்டி. லாரிக்காரர் போன் செய்து, உங்களுக்கு உறுதியாக வேண்டுமா, இல்லையென்றால் வேறு கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள் என்றிருக்கிறார். அக்கா அந்த நேரத்தில் அங்கேதான் இருந்திருக்கிறார். "எதுக்குங்க லாரி? சரி பண்ணியாச்சுன்னு எழுத்துலயே போட்டிருக்காங்க பாருங்க. அன்னிக்கு நம்ம வீதி மொறைதான, காலைலயே வந்துரும்."

லேத்காரர் லாரியை விட்டுவிட்டார். இதை என் மனைவி சோறு போடும்போது சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எதையுமே நம்பாத மனிதர் இதை எப்படி நம்பினார்? பிறகுதான் புரிந்தது, அவர் ஆபீஸை நம்பவில்லை, அக்காவை நம்பினார். வாய் நிறையக் கிண்டல் பேசினாலும் வீதியே அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆபீஸ் என்று அவர்களுக்கு மிச்சமிருந்தது அக்கா ஒருத்திதான்.

அப்போதே எழுந்து எதிர்வீட்டுக்குப் போயிருக்கலாம். லாரிக்காரருக்கு இன்னும் ஒரு போன் போட நேரம் இருந்தது. அந்த மெசேஜை நம்பாதீர்கள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், அனுப்பியது யார் என்று கேட்பார்கள். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தேன்.

நிச்சயத்தன்று குழாயைத் திருகினால் காற்று மட்டும் வந்தது. சமையல்காரர் அடுப்பைப் பற்றவைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சொன்ன லாரி வேறு மண்டபத்தில் இருந்தது, மற்ற லாரிகள் எதுவும் கிடைக்கவில்லை. அக்கா மாவுக்கென்று டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் குடம் குடமாகச் சுமந்து கொடுத்தார். அது சாம்பாருக்கே சரியாய்ப் போனது. பேக்கரியிலும் மளிகைக் கடையிலும் கேன் தண்ணீர் வாங்கி எப்படியோ இலை போட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கை கழுவப் போய், குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "பொண்ணு குடுக்கற ஊட்டுல கை கழுவத் தண்ணியில்லீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நிச்சயம் நின்றுபோகவில்லை, தட்டு மாற்றினார்கள். ஆனால் லேத்காரர் முகம் பந்தல் பிரிக்கும்வரை நிமிரவில்லை.

மறுநாள் காலை வெளியே சத்தம் கேட்டுப் போனேன். தண்ணீர் வரவில்லை என்றால் எங்கள் பக்கம் காலிக்குடங்களை மெயின் ரோட்டில் வரிசையாக வைத்து பஸ்ஸை மறிப்பார்கள். யாராவது அதிகாரி வந்து பேசி அனுப்பிவைப்பார். அன்றும் குடங்கள் வெளியே வந்திருந்தன. மஞ்சள், பச்சை, சிவப்பு என்று எல்லா வீட்டுக் குடங்களும். ஆனால் அவை மெயின் ரோட்டுக்குப் போகவில்லை. அக்கா வீட்டு கேட்டின் முன்னால் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"ரோட்டுல வெச்சா எவன் வாரான்? இங்கயே வைங்க" என்று லேத்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "அவதான நமக்கு ஆபீசு."

எங்கள் ஊரில் கோபம் வந்தால் சத்தம் உடனே ஏறிவிடாது. முதலில் பேச்சிலிருந்து 'ங்க' போய்விடும். நேற்றுவரை அக்கா, வாங்க, சொல்லுங்க என்று பேசியவர்கள் வாயில் அது காணாமல் போயிருந்தது. குடங்களில் எங்கள் வீட்டுப் பச்சைக் குடமும் இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். "எல்லாரும் வெக்கறாங்க. நாம மட்டும் வெக்காட்டி என்ன நெனப்பாங்க?" என்றாள் மெதுவாக. நான் அதை எடுக்கவில்லை.

அக்கா வெளியே வந்தார். குடங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "இதுல போட்டிருக்குதுங்களே, பாருங்க. சீர் செய்யப்பட்டதுன்னு போட்டிருக்குதுங்களே" என்று ஒவ்வொருவரிடமாக நீட்டினார். அவர்கள் பார்க்கவில்லை. அவர் அடுத்தவரிடம் நீட்டினார். அந்தப் போன் அப்படி ஆள் மாற்றி ஆள் நீண்டுகொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா இவ எதுக்கு அலையறாளாம்? அங்கிருந்து ஏதோ கெடைக்குது, அதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மாவில் பிள்ளைகளை வளர்த்த வீட்டுக் குரல்தான்.

லேத்காரர் முன்னால் வந்தார். "இத அனுப்புனது யாரு? அந்த ஆளு பேரச் சொல்லு. உனக்குத் தெரியாம இருக்காது."

அக்கா நிமிர்ந்தார். கூட்டத்தில் என்னைத் தேடவில்லை, நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் எம்பட மேசை வழியாத்தான் என்று நான் சொன்னதை அவர் மறந்திருக்க மாட்டார். என் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"ஆளெல்லாம் இல்லீங்க, அது கம்ப்யூட்டர்ல இருந்து தானா வர்றதுங்க" என்றார்.

அதற்குமேல் அவரிடம் கேட்க எதுவும் இல்லாமல்போனது. ஆனால் வந்த கோபம் எங்கேயாவது போக வேண்டுமே. கொஞ்சப் பேர் அங்கிருந்து நேரே வீதிக் கடைசிக்குப் போனார்கள். பைப்பை அறுக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பையன்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மாலையில் வந்து பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் இரண்டொரு நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு காலி செய்துவிட்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் அதனால் வந்துவிடவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஊறவைத்த அரிசி அப்படியே இருந்தது, ஆட்டத் தண்ணீர் இல்லை. அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஏனுங்கக்கா எம் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லி என்னாகுதுங்க தம்பி? உள்ள நம்மாளு ஒருத்தரு இருக்கறாருன்னு சனங்களுக்கு மனசுல ஒரு இது இருக்குது. அதையும் எதுக்குப் புடுங்கோணும்?" கொஞ்ச நேரம் அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "உங்ககிட்டயும் யாரும் மொறையாச் சொல்லியிருக்க மாட்டாங்க, இல்லீங்களா? சரி பண்ணிப்போட்டோம்னு சொல்லியிருப்பாங்க, நீங்களும் நம்பி அனுப்பியிருப்பீங்க."

நான் ஒளிந்துகொள்ள ஒரு இடத்தை அவரே கதவு திறந்து காட்டினார். இல்லை, தெரிந்துதான் அனுப்பினேன் என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்பியிருந்தால் ஒருவிதமாகவும், நம்பவில்லை என்றால் வேறுவிதமாகவும் எனக்கு வலிக்கிறது. எழுந்து வந்துவிட்டேன்.

அதன்பின் வீதியில் பாதிப் பேர் கடையில் பாக்கெட் மாவு வாங்க ஆரம்பித்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, பேசாமல் விட்டுவிட்டார்கள். மீதிப் பேர், எல்லாரும் வாங்காதபோது நாம் எதற்கு என்று விட்டார்கள். என் மனைவி இரண்டாவது ரகம். புளிக்காத, ருசியில்லாத அந்த மாவு இட்லியை நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன். மனு நாட்கள் வந்தன, போயின. வரிசையில் அக்கா இல்லை. கொஞ்ச நாளில் கிரைண்டரை விற்றுவிட்டு, காரமடையில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டார். வண்டியில் சாமான் ஏற்றும்போது லேத்காரர்தான் கை கொடுத்தார். கோபம் போய்விட்டிருந்தது, மன்னிப்புக் கேட்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை. "போயிட்டு வாங்கக்கா" என்று 'ங்க' போட்டுச் சொன்னார். வால்வை மாற்றினார்கள், அதற்கெல்லாம் வெகு நாள் கழித்து. எங்கள் வீதியிலிருந்து இப்போது ஒரு மனுவும் வருவதில்லை. எங்கள் கூட்டங்களில் அப்படிப்பட்ட வீதிகளைக் குறையில்லாத வீதிகள் என்று பாராட்டுவார்கள்.

போன மாசியில் நானும் என் மனைவியும் காரமடைக் கோயிலுக்குப் போயிருந்தோம். தரிசனம் முடிந்து ஒரு பேக்கரியில் நின்றபோது, "ஏனுங்க தம்பி, நல்லாருக்கறீங்களா?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. அக்கா. கொஞ்சம் இளைத்திருந்தார். தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற வயதான அம்மா ஒருவர் கூட இருந்தார். அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மணி எப்படியிருக்கற, முட்டிவலி பரவால்லையா?" என்றெல்லாம் கேட்டார். அவள் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னாள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அக்கா எல்லாருக்கும் டீ சொன்னார்.

சார் எங்கே வேலை என்று அந்த அம்மா கேட்டார். என் மனைவி பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் முகம் மாறியது. கைப்பையைத் துழாவி, மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தார். அவருக்கு வந்துகொண்டிருந்த முதியோர் பென்ஷன் நின்றுபோயிருக்கிறது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. யாரையோ பிடித்து மனு எழுதி வாங்கி வைத்திருக்கிறார், எங்கே கொடுப்பது என்று தெரியாமல்.

"நானே நேருல வந்து குடுத்தா வாங்கிக்குவீங்களா சாமி? எந்தக் கெழம வரோணுமுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அந்தக் காகிதத்தை அவர் கைக்குள்ளேயே மடித்து வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. என்னைக் குத்த வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. கூடப் பிறந்தவளுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அதுக்கெல்லாம் போகாதீங்கம்மா. போயி நின்னு ஒண்ணும் ஆவாதுங்க. வெயில்ல ஒடம்புதான் கெட்டுப்போகும். செலவுக்கு உங்க பையங்கிட்டயே கேட்டு வாங்கிக்கோங்க."

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இல்லைம்மா, வாங்க, நான் இருக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் அவர் வருவார். வந்தால் நான் பதிவேன். பதிந்தால் ஒருநாள் நான் அதை முடிக்க வேண்டியிருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா காகிதத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அப்போது எனக்குள் வந்தது நிம்மதி. அதை எழுத எனக்குக் கூசுகிறது, ஆனாலும் நிம்மதிதான்.

"டீ ஆறுதுங்க தம்பி, குடிங்க" என்றார் அக்கா.

குடித்தேன்.